கீழ் டிராயரில் கட்டும் ஐஸ்

அன்னாபா
ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தின வாரம், செவ்வாய்க்கிழமை

என் கண்மணி சிஹாமுக்கு யெம்மா எழுதுவது. ஸலாம். அல்லாஹ்வின் அருளால் நானும் உன் பாபாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் மாப்பிள்ளை லுத்ஃபியும் சளி காய்ச்சல் இல்லாமல், ஒருவரை ஒருவர் பார்த்து முகம் திருப்பிக்கொள்ளாமல் இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். அப்படி இல்லையென்றாலும் இருக்கிறோம் என்றே பதில் சொல், இப்போது எனக்கு இன்னொரு கவலையைத் தாங்கத் தெம்பில்லை. என் முழங்கால் வழக்கம்போல, மாடிப்படியைக் கண்டாலே சத்தியாக்கிரகம் செய்கிறது. பாபாவின் ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, ஏன் இறங்கியது என்று கீழே எழுதுகிறேன். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நீ பதறுவாய், பதறாதே. போன் கூடத்தில் இருக்கிறது, பாபா அங்கேதான் டெலிவிஷன் பார்த்துக்கொண்டிருக்கிறார், இந்த விஷயத்தை அவர் காதுபட என்னால் சொல்ல முடியாது. எதிர் வீட்டு லல்லா யமீனாவின் சின்னவள் கல்யாணம் ஆகி உங்கள் மாண்ட்ரியலுக்கே வருகிறாள், அவள் பெட்டியில் உனக்கு மிளகாய் ஹரீஸாவும் சோர்பா சூப்புக்கு உடைத்த பச்சைக் கோதுமையும் வைத்திருக்கிறேன், கோதுமைப் பையின் அடியில் இந்தக் கடிதம். வாசித்ததும் கிழித்துவிடு, மாப்பிள்ளையிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம்.

போன மாதம் போனில், யெம்மா, என் ஃப்ரீசர்ல ஐஸ் மலை மாதிரி கட்டுது, டிராயரே வெளிய வர மாட்டேங்குது, என்ன பண்றதுன்னு கேட்டாயே, நான் பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்று அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை. முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஃப்ரீசர் தானாக ஐஸ் கட்டாது, வெளிக்காற்றில் இருக்கிற ஈரம் உள்ளே போய்த்தான் ஐஸ் ஆகிறது, அதனால் முதல் சந்தேகம் கதவு ரப்பர் மேல்தான். ஒரு காகிதத் துண்டைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்திவிட்டு இழுத்துப் பார், வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் பிடிக்கவில்லை என்று அர்த்தம், வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் துடை, பாதி நேரம் அழுக்குதான் காரணம், அதற்கும் பிடிக்காவிட்டால் மாற்று. சூடான சோர்பாவைச் சட்டியோடு உள்ளே தள்ளாதே. கொத்தமல்லியைக் கழுவினால் துணியில் உலர்த்தி ஈரம் போன பிறகு வை. என்ன எடுக்கப் போகிறோம் என்று முடிவு செய்துகொண்டு கதவைத் திற, உன் பாபாவைப் போலத் திறந்து வைத்துக்கொண்டு யோசிக்காதே. குளிர்ச்சியைக் கடைசி எண்ணில் வைக்காதே, சுவரோடு ஒட்டி நிறுத்தாதே. சுண்டுவிரல் கனத்துக்கு ஐஸ் கட்டியதுமே நிறுத்திவிட்டு உள்ளே ஒரு கிண்ணம் வெந்நீர் வை, தானே உதிரும், கத்தியால் குத்தினால் உள்ளே இருக்கிற குழாய் ஓட்டையாகி ஃப்ரீசரே போய்விடும். எல்லாம் முடிந்து ஒரு பொட்டு ஈரம் இல்லாமல் துடைத்த பிறகுதான் போட வேண்டும். வெந்நீரைச் சாக்கடையில் ஊற்றும்போது பிஸ்மில்லாஹ் சொல்ல மறக்காதே, கனடாக் குளிரில் ஜின்னுகள் இருக்காது என்று நினைக்காதே, ஈரம் இருக்கிற இடமெல்லாம் அதுகளுக்கு வீடுதான்.

இவ்வளவையும் நான் எங்கே கற்றுக்கொண்டேன் தெரியுமா, இந்தக் குளிர்காலத்தில்தான். இத்தனையும் ஒன்று விடாமல் செய்தேன், அப்படியும் நம் வீட்டு ஃப்ரீசரில் ஐஸ் கட்டியது. எல்லா டிராயரிலும் இல்லை, கீழ் டிராயரில் மட்டும். அந்த டிராயரில் என்ன இருந்தது என்று உனக்குத் தெரியும், ஆனாலும் நான் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கே கோர்வையாக வரும். உன் தம்பி இஸ்கந்தர் கடல் அடங்கிய வசந்தத்தில் மற்றப் பையன்களோடு இத்தாலிக்காரர்களின் சர்தீனியாத் தீவுக்குக் கள்ளப் படகு ஏறினான், அன்று போன இன்னொரு படகுக்காரர்கள் இறங்கிப் போன் பண்ணிவிட்டார்கள், இவன் ஏறிய படகிலிருந்து ஒருவரிடமிருந்தும் பேச்சு மூச்சு இல்லை. அடுத்து ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. வீட்டில் இல்லாத பிள்ளையின் பங்கை எடுத்து வைக்காமல் அடுப்பு மூட்டுகிற தாய் நம் பக்கத்தில் உண்டா. பாபா ஆட்டை வெட்டிப் பிரித்தபோது வலது தோள்பட்டையை முழுசாக இஸ்கந்தருக்கென்று ஒதுக்கினேன், நீல நிற நெகிழிப் பையில் சுற்றிச் சிவப்புக் கம்பளி நூலால் கட்டிக் கீழ் டிராயரில் தனியாக வைத்தேன்.

ஏன் தோள்பட்டை என்று பாபா அன்றே முறைத்தார். நான் சூக் அஹ்ராஸ் மலைக்காரி, எங்கள் பக்கத்தில் பெருநாள் ஆட்டின் வலது தோள் எலும்பைப் பார்த்து அந்த வீட்டின் வருஷத்தைச் சொல்வார்கள். எலும்பு வெள்ளையாகத் தெளிந்திருந்தால் நல்லது, நடுவில் கருப்பாகக் குழி விழுந்திருந்தால் அது கப்ர், சவக்குழி, வீட்டில் ஒரு மவுத். பாபா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், பட்டணத்து ஆள், கல்யாணமான நாளிலிருந்து இதைச் சொல்லி என்னைக் கேலி செய்யாத பெருநாள் இல்லை. தன் கழுத்துக்குக் கத்தி வர்றதே தெரியாத ஆடு, அது எலும்புக்கு மட்டும் நம்ம வருஷம் தெரியுமாக்கும் என்பார். ஆனால் போன பெருநாளில் கேலி செய்யவில்லை. தோள்பட்டை சமைக்கப்படாமல் உள்ளே போனது, எலும்பை யாரும் பார்க்கவில்லை. போன் வரும், அவன் ஒரு நாள் வருவான், அவனே உட்கார்ந்து சாப்பிடட்டும் என்று இருந்தேன். மாதங்கள் போகப் போக எனக்கு வேறொரு நினைப்பு வந்துவிட்டது மகளே. என் பிள்ளை இருக்கிறானா இல்லையா என்று தெரிந்த ஒன்று என் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது, குளிரில் வாயை மூடிக்கொண்டு கிடக்கிறது என்று. அடுக்களையில் நின்று வெங்காயம் நறுக்கும்போது முதுகுக்குப் பின்னால் அந்த ஃப்ரீசர் உறுமி அடங்கும், நான் திரும்பிப் பார்ப்பேன். யாரோ சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டது போல இருக்கும்.

மழைக்காலம் தொடங்கியபோது ஐஸ் கட்ட ஆரம்பித்தது. முதலில் பொட்டலத்தின் மேல் ஒரு படலம், பிறகு நீலப் பையே மங்கலாகிவிட்டது, பிறகு சிவப்பு நூல் மட்டும் உள்ளே எங்கோ தெரிந்தது. ரிப்பேர்க்காரர் பூஜெம்மாவைக் கூப்பிட்டேன், அவர் மோட்டாரைத் தட்டிப் பார்த்தார், காகிதம் வைத்து இழுத்துப் பார்த்தார், எல்லாம் சரியாகத்தான் இருக்கு லல்லா, யாரோ அடிக்கடி திறக்குறீங்க, கடல் காத்து உள்ள போகுதுன்னார். நான் பாபாவைப் பார்த்தேன், பாபா கூரையைப் பார்த்தார். சர்க்கரை டப்பாவைத் தேடுற சின்னப் பிள்ளை மாதிரி நீங்கதான் திறந்து திறந்து பாக்குறீங்கன்னேன். நீ பாக்குறதில்லையாடி, நேத்து அந்தக் கதவுல நெத்திய வச்சிக்கிட்டு நின்னது யாருன்னார். நான்தான் நின்றேன், ஆனால் திறக்கவில்லை. அன்றே சண்டை போட்டு ரப்பரை மாற்றவைத்தேன், சுவரிலிருந்து தள்ளி நிறுத்தினேன், மேல் டிராயர்களில் இருந்த பட்டாணியும் அவரைக்காயும் வாங்கி வைத்த நாள்போல உலர்ந்து கிடந்தன. மரக்கரண்டியால் கீழ் டிராயரைச் சுரண்டி வழித்தெடுத்துத் தொட்டியில் கொட்டிச் சுத்தமாகத் துடைத்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தால், அந்த வாரம் முடிவதற்குள் பழைய குருடி கதவைத் திறடி.

அது சாதாரண ஐஸ் இல்லை என்பது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. மேல் டிராயரில் எப்போதாவது கட்டுகிற ஐஸ் கண்ணாடி மாதிரி இருக்கும், தட்டினால் டப்பென்று உடையும். இது அவித்த முட்டையின் வெள்ளை போல மங்கலாக, கரண்டி பட்டால் உடையாமல் ஈரக் கல்லுப்பு மாதிரி நொறுங்கி உதிர்ந்தது. டிராயரை இழுத்தால் இறைச்சி வாசம் இல்லை, மீன் வலைகளைக் காயப்போட்டிருக்கிற சந்தில் வருமே, அந்தப் பாசி வாசம். ஒரு நாள் சுரண்டும்போது ஒரு துணுக்கு உதட்டில் தெறித்தது. நக்கினேன். உப்பு. பையில் ஓட்டை விழுந்து இறைச்சி நீர் கசிகிறதோ என்று பார்த்தேன், நான் உப்புப் போடாமல் வைத்த இறைச்சி அது, ரத்தக் கசிவும் இல்லை. இன்னொரு நாள் ஐஸுக்குள் ஒரு பச்சை நூல். கம்பளி நூலோ என்று கிள்ளி எடுத்தால் கடற்பாசி. அதோடு கொஞ்சம் மணலும். சிஹாம், மூன்றாவது மாடியில், ரப்பர் மாற்றிய ஃப்ரீசருக்குள், மணல். டிராயரை முழங்காலால் தள்ளி மூடிவிட்டு அடுக்களைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பாபா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பால்கனிக்குப் போய் என் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நான் சுரண்டிக் கொட்டுகிற ஒவ்வொரு தடவையும் அவர் அப்படித்தான் போய் நின்றார். மனுஷனுக்கு என் மேல் என்ன கோபமோ என்று நினைத்தேன்.

லல்லா யமீனாவிடம் சொன்னேன். வேறு யாரிடம் சொல்வேன். அவளும் மலைக்காரி, எலும்பு பார்க்கத் தெரிந்தவள், வாய்தான் கொஞ்சம் நீளம். கடல் உன் வீட்டுக்குள்ள வந்துருச்சு சுலைக்கா, உன் புள்ளையோட பங்கைக் கேக்குது, அந்தத் தண்ணிய மட்டும் சாக்கடையில ஊத்தாதடி, எதை ஊத்துறோம்னு யாருக்குத் தெரியும்னாள். அதன் பிறகு நான் அந்த டிராயரைத் தொடவில்லை. ஐஸ் வளர்ந்தது. வளர்ந்து கதவை முட்டியது, கதவு சரியாகச் சாத்தவில்லை, பாபா நாற்காலியை முட்டுக்கொடுத்து வைத்தார். பகலில் கூடத்தில் இருந்தால் உள்ளே அது நெரிகிற சத்தம் கேட்கும், படகுப் பலகை முனகுவது போல. டெலிவிஷன் சத்தத்தைக் கூட்டுவோம், இரண்டு பேரும் ஏன் கூட்டுகிறோம் என்று பேசிக்கொள்ள மாட்டோம்.

இப்போது அடுத்த பெருநாளே வந்துவிட்டது. புது ஆடு வீட்டுக்கு வருகிறபோது போன வருஷத்துப் பங்கு உள்ளே கிடக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பங்குக்குரியவன் சாப்பிட வேண்டும், இல்லை அவன் பேரால் கொடுத்துவிட வேண்டும். இருக்கிறவன் என்றா, போய்விட்டவன் என்றா, எப்படிச் சொல்லிக் கொடுப்பது, அதுதான் மகளே என் தொண்டையில் நின்ற முள். சமைத்தால் எலும்பு வெளியே வரும், எலும்பு வெளியே வந்தால் பார்க்க வேண்டும், பார்த்தால் தெரிந்துவிடும். கருப்பாக இருந்தால் அந்த இறைச்சி என் பிள்ளையின் மவுத்துக்காக ஏழைகளுக்குக் கொடுக்கிற ஸதக்கா. எடுத்துச் சமைத்துவிடலாமா என்று ஒரு நாள் துணிந்து கேட்டேன், பாபா இருக்கட்டும் விடு என்றார். இன்னொரு நாள் கேட்டேன், வேற ஃப்ரீசர் ஒண்ணு வாங்கிக்கலாம் சுலைக்கா, இது பாட்டுக்கு இது கிடக்கட்டும் என்றார். செருப்பு தேய்ந்து பெருவிரல் தரையில் படும்வரை புதுசு வாங்காத மனுஷர், புது ஃப்ரீசர் வாங்கலாம் என்கிறார்! அன்றுதான் எனக்கு உறுதியாயிற்று, இவர் என்னைவிடப் பயந்திருக்கிறார், இவரை நம்பினால் இது ஒரு நாளும் நடக்காது. போன வியாழக்கிழமை காலை வழக்கம்போல அவர் கடற்கரைக்கு நடக்கக் கிளம்பியதும் யமீனாவைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு பிளக்கைப் பிடுங்கினேன்.

வெந்நீர்க் கிண்ணம் வைத்தோம், கீழே துண்டுகளை விரித்தோம், பிஸ்மில்லாஹ் சொன்னோம். யமீனா ஓதிக்கொண்டே இருந்தாள். ஐஸ் உருகி வடிந்த தண்ணீரை நான் சாக்கடைக்கு விடாமல் வாளியில் பிடித்தேன், அடுக்களை முழுக்கக் கடல் வாசம் ஏறிவிட்டது, பால்கனி கதவைத் திறந்து வைத்தும் போகவில்லை. கடைசியில் டிராயர் விடுபட்டது. பொட்டலம் என் கைக்கு வந்தது, அதே நீலப் பை, அதே சிவப்பு நூல், கல் மாதிரிக் கனம். பெரிய பேசினில் வைத்துச் சாளரத்துப் பக்கம் வெயிலில் விட்டேன். கொண்டைக்கடலையை ஊறவைத்திருந்தேன், கூஸ்கூஸுக்கு மாவு உதிர்த்தேன், என் கை வேலை செய்தது, மனசு பேசினிலேயே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து யமீனா, சுலைக்கா, இங்க வா, வந்து பாரு என்றாள். பொட்டலம் சிறுத்திருந்தது. நான் நூலை அவிழ்த்தேன். உள்ளே அதே மங்கலான வெள்ளை ஐஸ். இறைச்சி அதற்குள் இருக்கும் என்று காத்திருந்தோம். அது உருகியது, உருண்டையாயிற்று, முட்டை அளவாயிற்று, நாங்கள் இருவரும் பேசின் மேல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம், அது பேசின் தண்ணீரில் மிதந்து சுற்றிக் கரைந்து இல்லாமல் போய்விட்டது. இறைச்சி இல்லை. எலும்பு இல்லை. அடியில் ஒரு பிடி மணல். தின்னுட்டாங்கடி, வந்து தின்னுட்டு போயிட்டாங்க என்று யமீனா வாயில் அடித்துக்கொண்டாள். எனக்கு அழுகை வரவில்லை. என் கையாலேயே கட்டி வைத்தது தண்ணீராய்ப் போனதைப் பார்த்துக்கொண்டு, இவன் பிறக்கவே இல்லையோ, எல்லாம் நான் நினைத்துக்கொண்டதுதானோ என்று ஒரு கணம் தோன்றியது, அந்தக் கணத்தை என் எதிரிக்கும் அல்லாஹ் கொடுக்க வேண்டாம்.

அப்போது பாபா உள்ளே வந்தார். திறந்து கிடக்கிற ஃப்ரீசரையும் பேசினையும் பார்த்தார். அவர் கோட்டுக்குள்ளிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்து மேசை மேல் வைத்தார், கலங்கல் தண்ணீர், அடியில் மணல். முக்காலியில் உட்கார்ந்தார். யமீனா இருக்கிறாளே என்றுகூடப் பார்க்காமல் பேச ஆரம்பித்தார், வருஷக்கணக்கில் பேசாததை எல்லாம் சேர்த்துப் பேசுகிறவர் போல. நான்தான் எடுத்தேன் சுலைக்கா என்றார். மழை தொடங்குறதுக்கு முன்னாடியே எடுத்துட்டேன். நீ ஹம்மாமுக்குக் குளிக்கப் போயிருந்த. தெரிஞ்சுக்கிட்டா தேவலைன்னு இருந்துச்சு, நம்ம ரெண்டு பேருல ஒருத்தராவது தெரிஞ்சுக்கணும்ல. நல்லதா இருந்தா உங்கிட்ட சொல்லிச் சிரிச்சிருப்பேன். கத்தியால அறுத்து எலும்ப எடுத்து வெளிச்சத்துல புடிச்சேன், நடுவுல கருப்பா குழி. நீ சொல்லுவியே அதே மாதிரி. உங்கிட்ட எப்படிச் சொல்லுவேன். எங்க யெம்மா கப்ருக்குப் பக்கத்துல கறியையும் எலும்பையும் சேர்த்துப் பொதைச்சேன். பை காலியா இருந்தா நீ கண்டுபிடிப்பேன்னு தண்ணி ஊத்தி வச்சேன். அப்புறம் ஒரு நாள் கடற்கரையில நிக்கும்போது தோணுச்சு, புள்ள இந்தத் தண்ணிக்குள்ளதான இருக்கான். மொத்தக் கடலையும் என்னால வீட்டுக்குக் கொண்டார முடியுமா. முடிஞ்சத கொண்டாந்தேன், பைக்குள்ள இருந்தத கொட்டிட்டு அதையே ஊத்தினேன். தினம் ஒரு பாட்டில்.

எனக்கு நெஞ்சு வெடித்தது சிஹாம். அவர் கொண்டுவந்து உறையவைத்ததைத்தான் நான் வாரம் தவறாமல் மரக்கரண்டியால் சுரண்டிச் சுரண்டித் தொட்டியில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டிருக்கிறேன். அவர் பால்கனியில் போய் நின்றிருக்கிறார். ஒரு தடவையாவது நிறுத்துடி என்று சொல்லியிருக்கலாமே, சொல்லவில்லை, மறுநாள் பாட்டிலை எடுத்துக்கொண்டு மறுபடியும் போயிருக்கிறார். நான் அவர் தலையைப் பிடித்து என் வயிற்றோடு சேர்த்துக்கொண்டேன். வாய்விட்டு அழுதார். இஸ்கந்தர் போனதிலிருந்து அவன் பேரைக்கூடச் சொல்லாத மனுஷர், பேரைச் சொல்லிச் சொல்லி அழுதார்.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேள், இதற்குத்தான் இந்தக் கடிதம். அந்த நேரத்தில் யமீனா பாபாவைப் பார்த்து, ஏன் தாஹர், பச்சைக் கறியிலயா அறுத்தீங்க என்று வாயைத் திறந்தாள். நான் அவள் மணிக்கட்டை நகம் பதிகிற மாதிரி அழுத்தினேன், அவள் நிறுத்திக்கொண்டாள். ஏனென்றால் எலும்பை அப்படிப் பார்க்கக் கூடாது. கொதிக்கிற பானையில் வெந்து சதை தானாகக் கழன்று வர வேண்டும், கத்தியும் பல்லும் படாமல் கையால் துடைத்துவிட்டுத்தான் வெளிச்சத்தில் பிடிக்க வேண்டும். பச்சை எலும்பு எல்லாமே கருப்புதான், உள்ளே உறைந்திருக்கிற ரத்தம் அது. எந்த ஆட்டின் எலும்பை அறுத்துப் பார்த்தாலும் அந்தக் குழி தெரியும். ஆயுசு முழுக்கக் கேலி செய்தவருக்கு அது தெரியாது, அவர் என்றைக்கு உட்கார்ந்து கற்றுக்கொண்டார். அந்த எலும்பு ஒன்றுமே சொல்லவில்லை மகளே. நம் பிள்ளையை அவர் பச்சை எலும்பைப் பார்த்துப் புதைத்துவிட்டார்.

உடனே சொல்லிவிடத்தான் நாக்கு துடித்தது. ஆனால் அன்று மதியம் அவர் இரண்டாம் தடவை கூஸ்கூஸ் கேட்டுச் சாப்பிட்டார். அன்றிலிருந்து நன்றாகத் தூங்குகிறார், பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டார், ரத்த அழுத்தம் இறங்கியதும் இதனால்தான். சொன்னால் என்ன கொடுப்பேன் அவருக்கு, மறுபடியும் அந்தப் போன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு மணி அடிக்குமா என்று பார்க்கிற வேலையைத்தானே. அதில் இருந்து பார்த்தவள் நான், அது என்ன வேலை என்று எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு வாளித் தண்ணீரையும் பேசின் தண்ணீரையும் கேன்களில் ஊற்றி இருவருமாகக் கப்ருஸ்தானுக்குத் தூக்கிக்கொண்டு போனோம், அவர் எலும்பைப் புதைத்த இடத்தில் ஊற்றினோம். அங்கே புல் கருகிப்போகும், கருகட்டும். அவர் துஆ ஓதினார், நான் ஆமீன் சொன்னேன். சில வேளை எனக்கே பயம் வந்துவிடுகிறது, எலும்பு பச்சையாக இருந்தால் என்ன, பார்த்தவர் பெற்றவர் ஆயிற்றே, அவர் கண்ணுக்குத் தெரிந்துவிட்டதோ என்று. அந்த நினைப்பு வரும்போது எழுந்து போய் எதையாவது துவைக்கிறேன்.

நேற்று பாபா என்னிடம், இந்தப் பெருநாளுக்கு அவன் பங்கை எடுத்து வைக்க வேணாம் சுலைக்கா, அப்படியே எலும்போட ஏழைங்களுக்குக் குடுத்துருவோம், அவனுக்குப் போய்ச் சேரட்டும் என்றார். சரி என்று தலையாட்டினேன். கொடுத்துவிடுவேன், அந்த எலும்பை யாரும் பார்க்கப் போவதில்லை, நானும் பார்க்க மாட்டேன். ஆனால் ஸதக்கா மவுத்தானவனுக்காக மட்டும் கொடுப்பதில்லை கண்ணே, வழியில் இருக்கிறவன் நல்லபடியாகப் போய்ச் சேர வேண்டும் என்றும் கொடுப்பதுதான். அதே தோள்பட்டை, அதே வாசல், வாங்கிக்கொள்கிற கையும் அதே கை. அவர் தன் மனசில் நினைக்கிற நிய்யத்தில் கொடுக்கட்டும், நான் பக்கத்தில் நின்று என் நிய்யத்தில் கொடுக்கிறேன். எது எதற்கு என்று பிரித்துக்கொள்ள அல்லாஹ்வுக்குத் தெரியும்.

நீ போனில் பேசும்போது பாபா மவுத்தானவனுக்குக் கேட்பதுபோலத் தம்பிக்காக ரஹ்மத் கேட்டால் நீயும் ஆமீன் சொல், எலும்பைப் பற்றி மூச்சு விடாதே. உன் ஃப்ரீசரை இந்த வாரமே நிறுத்திச் சுத்தம் செய், ரப்பரைக் காகிதம் வைத்துப் பார். மாப்பிள்ளையின் வேலைக்கும் உன் வயிற்றில் வரப்போகிற நல்ல செய்திக்கும் ஐந்து வேளையும் கையேந்துகிறேன், நீ நடக்கிற பனியில் உன் கால் வழுக்காமல் இருக்கட்டும், உன் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும். பெருநாள் அன்று காலை நம் நேரத்துக்குப் போன் பண்ணு, நானே ஓடிவந்து எடுக்கிறேன்.

இப்படிக்கு,
சிஹாமுக்கும் இஸ்கந்தருக்கும் யெம்மா,
சுலைக்கா